லாஜ்பத் நகரில் ஒரு காபூல் சாப்பாடு: புலாவ் பிரமாதம், மந்து இல்லை

ஆம்பூரில் பிறந்தவன் சோற்றைப் பற்றி எழுதினால் அதில் கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும். படிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்கலாம். நான் டெல்லிக்கு வந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகின்றன, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள். இந்த ஊரில் பிரியாணி என்று சொல்லி எனக்குத் தந்தவற்றில் முக்கால்வாசியை மஞ்சள் சோறு என்றே என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே, லாஜ்பத் நகரில் ஓர் ஆப்கானியக் கடையில் புலாவ் நன்றாக இருக்கிறது என்று மருமகன் சொன்னபோது, கேரட்டும் திராட்சையும் போட்ட சோற்றை எவன் சாப்பிடுவான் என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். மூன்று மாதம் வீணாயிற்று.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. உரிமையாளர் வேண்டாம் என்றார். காரணம் போகப்போகத் தெரியும். வழி மட்டும் சொல்கிறேன். லாஜ்பத் நகர் மெட்ரோவில் இறங்கி, சென்ட்ரல் மார்க்கெட்டின் துணிக்கடைக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல், கஸ்தூர்பா நிகேதன் எங்கே என்று கேளுங்கள். மருந்துக்கடைப் பலகைகளில் பாரசீக எழுத்து தென்படத் தொடங்கினால் சரியான தெருவுக்கு வந்துவிட்டீர்கள். முழங்கை நீளத்துக்கு ரொட்டி சுட்டு அடுக்கி வைத்திருக்கும் அடுப்புக் கடைகள் சில அங்கே உண்டு. அவற்றில் ஒன்றின் பக்கவாட்டில் படியேறினால் இந்தக் கடை. கீழே பலகை கிடையாது. ரொட்டிக்காரரிடம் "சாப்பாடு?" என்றால் தலையை அசைத்துப் படிக்கட்டைக் காட்டுவார்.

மேலே ஆறு மேசைகள். ஜன்னல் ஓரமாக ஒரு மரத் திண்ணை போட்டு, சிவப்புக் கம்பளமும் திண்டும் வைத்திருக்கிறார்கள். முட்டி ஒத்துழைப்பவர்கள் அதில் சம்மணமிட்டு உட்காரலாம். நான் மேசைக்குப் போய்விட்டேன்.

காபூலிப் புலாவ் ஒரு தட்டு 380 ரூபாய். இரண்டு பேருக்குத் தாராளம். அரிசி நீளமான செல்லா, நம் புழுங்கலரிசிக்கு ஒன்றுவிட்ட உறவு. அதை அரைவேக்காட்டில் வடித்து, ஆட்டுக்கறி வெந்த சாற்றை ஊற்றி, மூடித் தம்மில் போடுகிறார்கள். அந்தப் பழுப்பு நிறம் வெங்காயத்தையும் சர்க்கரையையும் கருகக் கருக வறுத்து எடுப்பது. சீரகம், ஏலக்காய், கிராம்பு, மிளகு ஆகியவற்றோடு மசாலா முடிந்துவிடுகிறது. மிளகாய் என்ற பேச்சே இல்லை. கறி சோற்றுக்கு அடியில் புதைந்திருக்கும். மேலே தீக்குச்சி கனத்தில் அரிந்து வதக்கிய கேரட்டும் உப்பிய கறுப்புத் திராட்சையும்.

முதல் வாய்க்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. காரத்துக்குப் பழகிய நாக்கு சோற்றுக்குள் எதையோ தேடுகிறது, அது அங்கே இல்லை. மூன்றாவது நான்காவது வாயில்தான் தேடுவதை நிறுத்தினேன். கறிச்சாறு முழுவதையும் அரிசி குடித்திருந்தது. ஒரு பருக்கைகூட இன்னொன்றோடு ஒட்டவில்லை, ஒன்றுகூட உடையவும் இல்லை. திராட்சை கடிபடும் இடத்தில் மட்டும் இனிப்பு, அடுத்த வாயில் கறியின் கொழுப்பு. இதைப் பிரியாணியோடு ஒப்பிடக் கூடாது. வேறு வீட்டுப் பிள்ளை.

ஒப்பிட வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது, அது கத்தரிக்காய். 'போரானி பாஞ்சான்' என்பார்கள். வட்டமாக அரிந்த கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து, தக்காளியில் குழைய வைத்து, பூண்டு தட்டிப்போட்ட கெட்டித் தயிரை மேலே ஊற்றி, காய்ந்த புதினாவைக் கசக்கித் தூவித் தருகிறார்கள். ஆம்பூரில் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் தனித்தனியாக வரும். இவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்க் கத்தரிக்காயில் புளிப்பும் காரமும் அதிகம், இதில் பூண்டு. எது மேல் என்று என்னிடம் கேட்காதீர்கள், ஊருக்குப் போக வேண்டியவன். 180 ரூபாய்.

ரொட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீழ் அடுப்பிலிருந்து சுடச்சுட வருகிறது, வந்த பத்து நிமிடத்துக்குள் தின்றுவிட வேண்டும், ஆறினால் செருப்புத் தோல். சப்ளி கபாப் எனக்குப் பிடிக்கவில்லை. ஓரம் கருகி, நடுவே வறண்டு இருந்தது. இரண்டு முறை வாங்கியும் அப்படித்தான். போலானி என்ற உருளைக்கிழங்கு வைத்த மெல்லிய ரொட்டி சைவக்காரர்களுக்கு நல்லது. உண்மையில் அதில் கந்தனா என்ற கீரைவகை வைக்க வேண்டுமாம். இங்கே கிடைக்காததால் வெங்காயத்தாள் வைக்கிறார்கள். அதைச் சொல்லும்போது உரிமையாளர் முகத்தில் ஒரு வருத்தம் தெரிந்தது. நான் ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டில் முருங்கைக்கீரைக்குப் பதில் எதையோ தின்றபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இனி குறைகள். இந்தக் கடையில் குறைகள் நிறைய. நான் விடாமல் கேட்கிறவன். கேட்கக் கேட்க, ஒவ்வொரு குறைக்கும் பின்னால் ஏதோ ஒரு காகிதம் இல்லாதது தெரியவந்தது.

முதல் நாள் சாப்பிட்டு முடித்து, சுவரில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். அட்டையைக் கைப்பேசியில் காட்டினேன். திரையில் வந்தது ஒரு பஞ்சாபிப் பெயர். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரோ காபூல்காரர். முப்பது ஆண்டு வங்கிப் புத்தி சும்மா இருக்குமா? "இது யார்?" என்றேன். நண்பர் என்றார். கடையின் உரிமம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாமே அந்த நண்பர் பெயரில் இருப்பதாகச் சொன்னார். இந்தத் தெருவில் இது யாருக்கும் ரகசியமில்லை. மாதம் ஒரு தொகை அவருக்குப் போகிறது. நாளை அந்த நண்பருக்கு மனம் மாறினால் ஆறு மேசையும் திண்ணையும் அவருடையவை. பலகை இல்லாததற்கும், பெயரை எழுதாதே என்பதற்கும் இதுதான் காரணம்.

உரிமையாளர் 2017-ல் தாயாரின் இதயச் சிகிச்சைக்காக மருத்துவ விசாவில் வந்தவர். வந்தபின் ஊரில் இவர் பெயர் கேட்டு ஆள் தேடி வந்தார்கள். எந்தத் தரப்பு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பிப் போகாமல், ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்து அட்டை வாங்கினார். இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. அந்த அட்டை இருந்தால் போலீஸ்காரர் நிறுத்தும்போது எடுத்துக் காட்டலாம். அதை வைத்து ஆதார் வாங்க முடிவதில்லை. ஆதார் இல்லாமல் இந்த ஊரில் கைப்பேசிக்கு ஒரு சிம் வாங்குவதே பெரும்பாடு. நீண்டகால விசா கிடைத்தவர்களுக்குக் கொஞ்சம் வழி உண்டு. இவருக்குக் கிடைக்கவில்லை. கையிலிருந்த கடவுச்சீட்டும் காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கப் போகலாம் என்று இருந்தபோது, 2023 நவம்பரில், டெல்லியிலிருந்த ஆப்கான் தூதரகம் நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவித்துவிட்டார்கள்.

இதில் என் பங்கு ஒன்று உண்டு. அதை எழுதாமல் விட்டால் இந்த விமர்சனம் நேர்மையாக இராது. 2013 என்று நினைவு. தெற்கு டெல்லியில் நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு கணவனும் மனைவியும் கணக்குத் தொடங்க வந்தார்கள். கடவுச்சீட்டில் விசா முடிந்திருந்தது. இதே ஐ.நா. அட்டையை மேசையில் வைத்தார்கள். ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சான்று) பட்டியலில் கடவுச்சீட்டு உண்டு, ஓட்டுநர் உரிமம் உண்டு, வாக்காளர் அட்டை உண்டு, அந்த அட்டை இல்லை. மன்னிக்கவும் என்று திருப்பித் தந்தேன். விதிப்படி நான் செய்தது சரி. மறுபடி கேட்டிருந்தாலும் அதையே செய்திருப்பேன். ஆனால் அந்த அம்மாள் அட்டையை வாங்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதை இன்னோர் உறையில் போட்டு, கைப்பைக்குள் வைத்து மூடும்வரை என் அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியிருந்தது. எரிச்சலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது.

ஒரு சுற்று பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் கொஞ்ச காலம் கும்மிடிப்பூண்டியில் இருந்தேன். அங்கே ஈழத்து அகதிகளின் முகாம் இருந்தது, இன்றும் இருக்கிறது. முகாம் வாழ்க்கை எளிதல்ல. பத்துக்குப் பத்து அறை, வருகைப் பதிவு, கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ். ஆனாலும் அரிசி உண்டு, மாதப் பணக்கொடை உண்டு, பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி உண்டு. 2021-ல் இந்த முகாம்களை மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றிப் புது வீடுகளும் அறிவித்தார்கள். குடியுரிமை மட்டும் நாற்பது ஆண்டுகளாகக் கண்ணில் படவில்லை. திபெத்தியர்களையும் ஈழத் தமிழர்களையும் அரசே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறது. ஆப்கானியர், மியான்மர்க்காரர் போன்றவர்களை ஐ.நா. ஆணையத்திடம் விட்டுவிட்டது. முகாமும் கிடையாது, ரேஷனும் கிடையாது. லாஜ்பத் நகரில் வாடகை கொடுத்து, கடை வைத்துப் பிழைத்துக்கொள்ள வேண்டியதுதான். எது மேல்? முகாம்காரருக்கு அரிசி கிடைத்தது, கடைவைக்க இடம் கிடைக்கவில்லை. இவருக்கு ஆறு மேசை கிடைத்திருக்கிறது, அது இவர் பெயரில் இல்லை.

குடியுரிமைத் திருத்தச் சட்டம் 2019-ல் வந்தது, ஆப்கானிஸ்தான் பெயர் அதில் உண்டே என்று கேட்பீர்கள். 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு அது. இவர் முஸ்லிம், வந்ததும் 2017. ஈழத் தமிழருக்கும் அதில் இடமில்லை. இந்த ஒரு விஷயத்தில் கும்மிடிப்பூண்டியும் லாஜ்பத் நகரும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்தத் தெருவே அகதிகள் கட்டிய தெரு. 1947-ல் மேற்கு பஞ்சாபிலிருந்து வந்தவர்களைக் குடியமர்த்த எழுந்த காலனிதான் லாஜ்பத் நகர். கஸ்தூர்பா நிகேதன் பிரிவினையில் ஆதரவற்றுப்போன பெண்களுக்கென்று ஏற்பட்ட இல்லம். டெல்லியின் அடையாளம் என்று இன்று சொல்கிறோமே, தந்தூரிக் கோழி, அதுகூடப் பெஷாவரிலிருந்து ஓடிவந்தவர்கள் தரியாகஞ்சில் அடுப்பு வைத்துப் பரப்பியதுதான். கடைக் கட்டடத்தின் சொந்தக்காரருடைய தாத்தா லாயல்பூரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவராம். பேரன் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வாடகையை ஏற்றுவதில் ஒரு மாதம்கூடப் பிந்துவதில்லை.

அடுத்த குறை, ஊர்ச் சுவைக்குச் சாய்வது. மேசையில் பச்சை மிளகாய்ச் சட்னி வைத்திருக்கிறார்கள், பட்டியலில் பன்னீர் கபாப் வேறு. இது எதற்கு என்றேன். 2021 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் காபூலிலிருந்து சிகிச்சைக்கு வந்தவர்கள். ஒரு நோயாளியோடு மூன்று பேர் வருவார்கள், மூன்று வாரம் தங்குவார்கள். விடுதி, மருந்துக்கடை, மொழிபெயர்ப்பாளர், ரொட்டிக்கடை என்று முழுத்தெருவும் அவர்களால் பிழைத்தது. காபூல் வீழ்ந்த பத்து நாளில், ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே தந்திருந்த விசாக்களை இந்தியா ரத்து செய்தது. கூட்டம் ஒரே மாதத்தில் வடிந்தது. எதிரே இருந்த இரண்டு விடுதிகள் மூடிவிட்டன. இவர் பாதி ஆட்களை நிறுத்திவிட்டு, கல்லூரி மாணவர்களுக்காகப் பன்னீர் போட்டார். சட்னியைப் பற்றி நான் மேற்கொண்டு பேசவில்லை. பன்னீர் கபாப் மட்டும் சுமார்தான்.

இப்போது மந்து. என் பெரிய புகார் இதுதான். ஆட்டுக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்து மெல்லிய மாவில் மடித்து ஆவியில் வேக வைப்பது. பூண்டுத் தயிரின் மேல் அடுக்கி, கடலைப்பருப்புக் குழம்பை ஊற்றி, புதினா தூவித் தருவார்கள். நம் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். இணையத்தில் இந்தக் கடையைப் பற்றிப் பழைய ஆட்கள் எழுதியதெல்லாம் மந்துவைத்தான். பட்டியலில் இருக்கிறது, கேட்டால் இல்லை. முதல் முறை இல்லை, இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

மந்து செய்தவர் உரிமையாளரின் அக்கா. 2023-ல் கனடா போய்விட்டார். அங்கே ஐந்து பேர் கூடிப் பொறுப்பேற்றுக்கொண்டால் ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைக்கலாம் என்றொரு திட்டம் உண்டு. கணவரை இழந்தவர், ஒரு மகன், விண்ணப்பம் நிறைவேறிற்று. வீடே மகிழ்ந்தது, கடை தன் சமையற்காரியை இழந்தது. தம்பி குடும்பத்தையும் அதே வழியில் அழைத்துக்கொள்ள அக்கா அங்கே ஐந்து பேரைத் தேடிப் பிடித்தார். தாள்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, 2024 நவம்பரில் அந்தத் திட்டத்தில் புது விண்ணப்பம் வாங்குவதைக் கனடா நிறுத்தி வைத்தது. அமெரிக்கா பக்கம் போகலாம் என்று யோசித்தால், 2025 ஜனவரியில் அங்கேயும் அகதிகளை ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். "அக்காவுக்குக் கிடைத்தது, அதுவே பெரிது" என்றார். பட்டியலிலிருந்து மந்துவை ஏன் அடிக்கவில்லை என்று கேட்டேன். அச்சடித்துவிட்டோம் என்றார்.

சேவை மெதுவானது. பரிமாற இரண்டே பேர், உரிமையாளரும் அவர் மகளும். பெண்ணுக்குப் பதினேழு வயது. ஊரில் இருந்திருந்தால் ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்திருக்கும். 2021-க்குப் பின் அங்கே பெண்பிள்ளைகளுக்கு அதற்கு மேல் கதவு மூடிவிட்டது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும். இங்கே தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், பாடங்களில் கணக்குப் பதிவியலும் ஒன்று. மாலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள், உங்கள் தேநீர் அதனால் தாமதமாகும். ஏலக்காய் போட்ட பச்சைத் தேநீர், சர்க்கரைப் பூச்சுப் பூசிய பாதாம் இரண்டோடு வரும், காசு வாங்குவதில்லை. காத்திருக்கலாம்.

கடைக் கணக்கும் அவள்தான் எழுதுகிறாள். வங்கியில் தன் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லாத கடைக்கு வரவு, செலவு, கடன், சரக்கிருப்பு என்று நான்கு பத்தி பிரித்து அவ்வளவு சுத்தமான பேரேடு. ஒருநாள் வாங்கிப் பார்த்தேன், பழைய வியாதி. நண்பருக்குப் போகும் மாதத் தொகையைச் 'சம்பளம்' என்று எழுதியிருந்தாள். அது சம்பளம் இல்லை, வேறு தலைப்பில் வர வேண்டும் என்றேன். "என்ன தலைப்பு, காகா ஜான்?" என்றாள். காகா என்றால் அவர்கள் மொழியில் சித்தப்பா, ஜான் என்பது அன்பாகச் சேர்த்துக்கொள்வது. முப்பது ஆண்டு பேரேடு பார்த்தவன், எனக்குத் தலைப்பு கிடைக்கவில்லை. சம்பளம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் போனபோது மந்து இருந்தது. அத்தை கனடாவிலிருந்து கைப்பேசித் திரையில் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுக்க, இவள் மடித்திருக்கிறாள். கேட்காமலேயே ஒரு தட்டு என் முன்னால் வந்துவிட்டது. மாவு தடிப்பு. இரண்டு பிரிந்து கறி வெளியே வந்திருந்தது. தயிரில் பூண்டு அதிகம். குழம்பு மட்டும் நன்று. ஐந்துக்கு இரண்டரை என்று அவளிடமே சொன்னேன். முகம் சுண்டிப்போனது, ஆனால் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு அந்த மதிப்பெண்ணை எழுதிக்கொண்டாள். 260 ரூபாய். இப்போதைக்கு வாங்க வேண்டாம், இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள்.

புலாவுக்கு நான்கரை, கத்தரிக்காய்க்கு ஐந்து, கபாபுக்கு இரண்டு. கழிப்பறை சுத்தம். படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகள் எதிலும் இந்தக் கடை கிடையாது, நேரில்தான் போக வேண்டும். வெள்ளிக்கிழமையானால் பகல் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், தொழுகை முடிந்து கூட்டம் வந்தால் இரண்டரைக்குள் புலாவ் தீர்ந்துவிடும். சுவரிலிருந்த க்யூ.ஆர். அட்டையைப் போன வாரம் காணவில்லை. ஏன் என்று கேட்டேன், உரிமையாளர் தேநீர் ஊற்றினார். ரொக்கமும் சில்லறையும் கொண்டு போங்கள்.